இருட்டறை வைத்தியம்

2016-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் வாரத்தில் என் தங்கை மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. டியூஷனுக்குப் போகிற அவசரம். தெருமுனையில் மழை ஈரம். சக்கரம் வழுக்கி, தலை நடைபாதைக் கல்லில் மோதியது. ரத்தம் வரவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரர் அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டார். "மாமா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும், "மாமா, இன்னிக்கு என்ன கிழமை?" அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதே கேள்வியைப் பதினொரு தடவை கேட்டான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வயிற்றைக் கலக்கும்போது மனிதன் எதையாவது எண்ணுவான் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, உள்ளே ரத்தக் கசிவும் இல்லை. மூளை அதிர்ச்சி, டாக்டர்கள் பாஷையில் 'கன்கஷன்', என்றார்கள். "தலைவலி முழுக்க நிற்கிற வரைக்கும் நல்ல ஓய்வு கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார் அங்கிருந்த டாக்டர்.

பையனுடைய அப்பா வெளிநாட்டில் வேலை. வீட்டில் பெரியவன் நான். ஆகவே அந்த உத்தரவை நிறைவேற்றும் அதிகாரம் என் கைக்கு வந்தது. நிறைவேற்றினேன், ஐயா, குறைவில்லாமல் நிறைவேற்றினேன்! ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணி அடித்து மாட்டினேன். புத்தகம் கூடாது, டெலிவிஷன் கூடாது, செல்போன் கூடவே கூடாது. சிநேகிதர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு மின்சாரத்தையும் பறித்துக்கொண்டு போனபோது, ஊரே இருட்டறையாகிவிட்டதே, நம் வேலை சுலபமாயிற்று என்றுகூட நினைத்தேன். இப்படி 26 நாள்.

தலைவலி நிற்கவில்லை. முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரத்தில் அதிகமாயிற்று. இரவில் தூக்கம் இல்லை, பகலில் விழிப்பு இல்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். ஒரு நாள் மாலை கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது இருட்டிலிருந்து குரல் வந்தது. "வலிக்கிறதா வலிக்கிறதான்னு பார்த்துண்டே இருக்கேன் மாமா. பார்க்கறதாலேயே வலிக்கிறதோ என்னவோ."

வருஷக் கடைசியில் என் தங்கை பொறுமை இழந்து வேறொரு டாக்டரிடம் அவனை அழைத்துப் போனாள். இளம் வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் எழுதித் தந்த மருந்து என்ன தெரியுமா? காலையும் மாலையும் மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடை. வலி கொஞ்சம் கூடினால் நிறுத்தி உட்காரலாம். மறுநாள் மறுபடி நடக்க வேண்டும். கம்பளியை அன்றே கழற்றிவிடச் சொன்னார். பொங்கல் விடுமுறை முடிந்து பையன் அரை நாள் பள்ளிக்கூடம் போனான். மாசி பிறப்பதற்குள் முழு நாளும் போனான்.

நான் டாக்டர் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்தக் கம்பளியை மாட்டிய கை என்னுடையது. அப்படி மாட்டச் சொல்லும் சம்பிரதாயம் எங்கிருந்து வந்தது, யார் ஆரம்பித்தது, யாராவது எப்போதாவது அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்ற கேள்வி என்னை விடவில்லை. கிடைத்த புத்தகங்களையும் வைத்தியப் பத்திரிகைகளையும் புரட்டினேன். அவற்றில் கண்ட கதை நான் எதிர்பார்த்ததைவிட விசித்திரமாக இருந்தது.

முதலில் எகிப்து. 1862-ம் வருஷம் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் லக்ஸர் நகரத்தில் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட வைத்திய நூல் அது. 1930-ல் பிரெஸ்டட் என்ற அறிஞர் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். அதிலே 48 பேருடைய காயங்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. தலையிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கி வருகின்றன. சில மண்டைக் காயங்களுக்கு அந்த வைத்தியர் சொல்வது, நோயாளியை இருபுறமும் செங்கல் முட்டுக் கொடுத்து உட்கார்த்தி வைக்க வேண்டும் என்பது. இன்னும் சிலருக்கு ஒரு அழகான சொல்லைப் பயன்படுத்துகிறார்: படகைக் கரையில் முளையடித்துக் கட்டுவதுபோல் கட்டி வை என்கிறார். மருந்து கொடுக்காமல், வழக்கமான ஆகாரத்தில் விட்டுவிட்டு, என்ன ஆகிறதென்று பார் என்று இதற்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார் பிரெஸ்டட். நாலாயிரம் வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட இந்த யோசனை, பின்னால் வந்த பலருடைய யோசனையைவிட மோசமில்லை. பின்னால் வந்தவர்கள் மண்டையில் ஓட்டை போட்டார்கள். கையில் நரம்பைக் கீறி ரத்தத்தை வடித்தார்கள். அந்தக் கதைக்குள் நான் போகப் போவதில்லை.

ஓய்வு என்பது வெறும் வழக்கமாக இருந்தது போய் ஒரு சித்தாந்தமாக ஆனது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். லண்டனில் கய்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜன் ஜான் ஹில்டன் 1863-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அடிபட்ட எந்த உறுப்பையும் ஆற்றுவது இயற்கைதான். வைத்தியனுடைய கடமை அந்த உறுப்புக்கு ஓய்வு கொடுத்து இயற்கைக்கு வழி விடுவது என்பது அதன் சாரம். 'ஓய்வும் வலியும்' என்ற பெயரில் அது பல பதிப்புகள் வந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த நூலாயிற்று. ரத்தம் வடிக்கும் கத்தியைக் கையிலிருந்து கீழே வைக்கச் சொன்ன வகையில் ஹில்டன் பெரிய உபகாரி என்றே சொல்ல வேண்டும். முறிந்த எலும்புக்கு அவர் சொன்னது வேதவாக்கு. ஆனால் மூளையும் எலும்பும் ஒன்றா? அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உடைந்தது கட்டில் கிடந்தால் கூடும். குலுங்கியதும் அப்படித்தானே என்று எண்ணிவிட்டார்கள்.

அப்போதுதான் ரயில் வந்தது; மனிதர்கள் மொத்தமாகக் குலுக்கப்பட்டார்கள். 1865 ஜூன் 9-ந் தேதி இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் பாலத்தில் தடம் புரண்டு 10 பேர் இறந்தார்கள். பாலத்திலிருந்து பாதி தொங்கிய முதல் வகுப்புப் பெட்டியில் இருந்தவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். ஜன்னல் வழியாக வெளியே வந்து, தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார், பிராந்தி கொடுத்தார். பிறகு நினைவு வந்தவராய்த் தொங்குகிற பெட்டிக்குள் மறுபடியும் ஏறி, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். (எழுத்தாளனுடைய புத்தியைப் பாருங்கள்! நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.) வெளிக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரயிலில் ஏறினால் கை நடுங்கும், உடம்பு வியர்க்கும். சரியாக ஐந்து வருஷம் கழித்து, அதே ஜூன் 9-ந் தேதி காலமானார்.

இப்படிக் காயமே இல்லாமல் நலிந்து போனவர்கள் அந்த நாளில் ஏராளம். 1866-ல் எரிக்ஸன் என்ற சர்ஜன் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். முதுகுத் தண்டும் நரம்பும் குலுங்கிக் கெட்டுவிட்டன என்றார். 1883-ல் ஹெர்பர்ட் பேஜ் என்ற இன்னொரு சர்ஜன் அதை மறுத்தார். முக்காலே மூன்று வீசம் பயந்தான் காரணம் என்றார். பேஜ் ஒரு ரயில்வே கம்பெனியின் சர்ஜன் என்பதையும், நஷ்ட ஈட்டு வழக்குகள் நடந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயினும் அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. உடம்பு குலுங்கியதா, மனம் குலுங்கியதா என்று அன்று ஆரம்பித்த சண்டை யுத்தகளங்களுக்கும் போய்த் திரும்பி, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இனி, என்னை வெகு நேரம் யோசிக்க வைத்த மனிதருக்கு வருகிறேன். பிலடெல்பியாவில் ஸைலஸ் வெய்ர் மிட்சல் என்று ஒரு டாக்டர் இருந்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பார்த்துப் பேரெடுத்தவர். வெட்டப்பட்ட கை இன்னும் வலிக்கிறது என்று சிப்பாய்கள் சொன்னதை நம்பி எழுதி வைத்தவர் அவர். பிற்காலத்தில் நாவல்களும் எழுதினார். இவர்தான் 'ஓய்வுச் சிகிச்சை' என்பதைத் திட்டமாக வகுத்து, 1877-ல் 'கொழுப்பும் ரத்தமும்' என்ற புத்தகத்தில் வெளியிட்டார். நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களை, பெரும்பாலும் பெண்களை, ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரை படுக்கையில் போடுவார். ஆரம்பத்தில் உட்காரக் கூடாது, தைக்கக் கூடாது, படிக்கவோ எழுதவோ கூடாது. பால் மேல் பால் புகட்டுவார்கள். உறவினர் வரக் கூடாது. இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்ட அம்சம் ஒன்று உண்டு: படுத்தே கிடந்தால் தசை வற்றிவிடும் என்பது மிட்சலுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தினம் ஒரு ஆள் வந்து நோயாளியின் கை கால்களைப் பிடித்துவிட வேண்டும், மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்று ஏற்பாடு. தானாக அசைந்தால் தப்பு. சம்பளம் வாங்குகிறவர் அசைத்தால் வைத்தியம்!

1887-ல் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற இளம் எழுத்தாளர் அவரிடம் வந்து சேர்ந்தார். (கில்மன் என்பது பின்னால் வந்த பெயர்.) குழந்தை பிறந்த பிறகு ஏற்பட்ட மனச்சோர்வு அவருக்கு. ஒரு மாதம் படுக்க வைத்து, குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார் மிட்சல். அனுப்பும்போது சொன்ன புத்திமதி: குழந்தையோடும் குடும்பத்தோடும் இருக்க வேண்டும், நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளையைப் பயன்படுத்தக் கூடாது, பேனாவை ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது. மூன்று மாதம் அந்த அம்மாள் கீழ்ப்படிந்து பார்த்தார். புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு புத்திமதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேனாவை எடுத்தார், தேறினார். 1892-ல் வெளிவந்த அவருடைய 'மஞ்சள் சுவர்க் காகிதம்' என்ற கதை, ஓய்வுக்காக அறையில் அடைக்கப்பட்ட ஒரு பெண் சுவரையே பார்த்துப் பார்த்துச் சித்தம் கலங்குவதைச் சொல்வது. அதன் ஒரு பிரதியை மிட்சலுக்கே அனுப்பினாராம், பதில் வரவில்லையாம்.

ஆண்கள் வந்தால் இதே மிட்சல் என்ன செய்தார் தெரியுமா? மேற்குத் திசைக்குப் போ, குதிரை ஏறு, திறந்த வெளியில் மாடு மேய்ப்பவர்களோடு திரி என்று அனுப்பினார்! 1885-ல் நரம்பு தளர்ந்து வந்த ஓவன் விஸ்டர் என்பவரை வயோமிங் பிரதேசத்துக்கு அப்படி அனுப்பினார். போனவர் தேறியதோடு நிற்கவில்லை. 1902-ல் 'வர்ஜீனியன்' என்ற நாவலை எழுதினார். குதிரையும் துப்பாக்கியுமாக நாம் சினிமாவில் பார்த்த கவ்பாய்க் கூட்டத்துக்கெல்லாம் மூலபுருஷர் அவருடைய கதாநாயகன்தான். ஒரே டாக்டர், ஒரே வியாதிப் பெயர். ஒருத்திக்குப் படுக்கை, ஒருவனுக்குக் குதிரை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது குணமாக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வாய்த்த சந்தர்ப்பம் உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. பார்க்கவில்லை. இவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் நரம்பு என்ற பெயரில் வந்த எல்லாவற்றுக்கும் படுக்கையே மருந்து என்ற எண்ணம் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். அந்த நிழலில்தான் அடிபட்ட தலையும் படுத்துக் கிடந்தது.

யுத்தங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மகா யுத்தத்தின்போது, 1940-ல், ஆக்ஸ்போர்டில் பெண்கள் படிக்கும் செயின்ட் ஹ்யூஸ் கல்லூரியைத் தலைக்காய ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 13,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். அதன் மூலவர் ஹ்யூ கெய்ன்ஸ். 1935-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அரேபிய லாரன்ஸ் ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தபோது கூட இருந்து பார்த்த டாக்டர்களில் ஒருவர். அந்தச் சாவை மறக்க முடியாமல் ஹெல்மெட்டைப் பற்றி ஆராய்ந்து 1941-ல் எழுதினார். இன்று ஹெல்மெட் போடுகிற ஒவ்வொருவரும் அந்த மனிதருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர். யுத்தத்துக்கு ஆள் தேவை, படுக்கைக்கோ பஞ்சம். ஆகவே காயம்பட்டவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடமாட விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் டாக்டர், படுக்கையில் கிடப்பதால் தோல் முதல் மனம் வரை என்னென்ன கெடுகிறது என்று ஹாஸ்யம் கலந்து ஒரு கட்டுரை எழுதினார். 1952-ல் பாஸ்டன் நகரத்தில் லெவைனும் லவுனும் இன்னும் துணிந்தார்கள். மாரடைப்பு வந்தவர்கள் ஆறு வாரம் அசையாமல் படுக்க வேண்டும் என்பது அந்த நாளைய விதி. அவர்கள் 81 நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொலைபாதகம் என்று சக டாக்டர்கள் பதறினார்கள். நோயாளிகளோ தெம்பாக வீட்டுக்குப் போனார்கள். இருதயம் இப்படிப் படுக்கையிலிருந்து விடுதலை பெற்றது. தலைக்கு விடுதலை வர இன்னும் வெகு காலம் பிடித்தது.

தலையைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர்களில் முந்தியவர்கள் பின்லாந்துக்காரர்கள். ஹெல்ஸிங்கியில் ரெலாண்டர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் மூளை அதிர்ச்சி அடைந்த 178 பேரைத் திருவுளச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு வழக்கமான கவனிப்பு. மற்றக் கட்சிக்கு ஒரே டாக்டர் வந்து, உனக்கு நேர்ந்தது இது, பயப்பட ஒன்றுமில்லை, எழுந்து நட என்று சொல்லித் தைரியமூட்டினார். தேகப் பயிற்சியும் கொடுத்தார்கள். 1972-ல் முடிவு வெளியாயிற்று. எழுப்பி நடக்க விட்டவர்கள் சராசரி 18 நாளில் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு 32 நாள் ஆயிற்று. இதில் நடை எவ்வளவு குணமாக்கியது, டாக்டருடைய நல்ல வார்த்தை எவ்வளவு குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆராய்ச்சி என்ற முறையில் அது குறைதான். ஆனால் என் தங்கை மகன் இருட்டில் கிடந்த 26 நாளில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று நான் அவனிடம் ஒரு தடவையாவது சொன்னேனா? நினைவில்லை. பயப்படும்படியாக எவ்வளவோ சொன்னது நினைவிருக்கிறது.

2002-ல் ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் இன்னும் நேரான சோதனை ஒன்று செய்தார்கள். 107 பேர். ஒரு பாதிக்கு ஆறு நாள் பூரணப் படுக்கை. மறு பாதிக்குப் படுக்கையே இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பாதியும் ஒன்றுபோலவே இருந்தன. படுக்கை ஒன்றையும் சாதிக்கவில்லை.

இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. அதே வருஷங்களில்தான் ஓய்வு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. விளையாட்டு மைதானத்தின் வழியாக வந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர், ஓயாமல் தலையில் குத்து வாங்கிய குத்துச்சண்டைக்காரர்கள் குடிகாரர்களைப்போல் தள்ளாடுவதை எழுதினார். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டு மூளை வீங்கி இளைஞர்கள் செத்ததை 1984-ல் ஒரு கட்டுரை எடுத்துக் காட்டிப் பெயர் சூட்டியது. 2001-ல் கலிபோர்னியாவில் கிஸாவும் ஹோவ்டாவும் அடிபட்ட மூளைக்குள் என்ன நடக்கிறதென்று விளக்கினார்கள்: உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, நிலைமையைச் சீர் செய்ய மூளைக்குச் சர்க்கரை அதிகம் தேவைப்படுகிறது, அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் பந்தி போட்ட பிறகு அரிசி தீர்ந்தது போல. 2004-ல் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையில், அடிபட்ட முதல் வாரத்திலேயே சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு அது உதவவில்லை, கெடுதலாகவே முடிந்தது. இரண்டு வாரம் பொறுத்து ஓடியவற்றுக்கு நன்மை செய்தது.

ஆகவே 2001-ல் வியன்னாவிலும் 2004-ல் பிராகிலும் கூடிய விளையாட்டு வைத்தியர்கள், எல்லாத் தொந்தரவும் நீங்கும் வரை ஓய்வு, அதற்குப் பிறகே படிப்படியாக விளையாட்டு என்றார்கள். பிராகில், உடம்புக்கு மட்டுமல்ல, அறிவுக்கும் ஓய்வு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பயந்தது இரண்டாவது அடிக்கு. மைதானத்துக்குச் சீக்கிரம் திரும்பாதே என்றார்கள். அது கை மாறிக் கை மாறி வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, ஜன்னலைத் திறக்காதே, புத்தகத்தைத் தொடாதே, யாரோடும் பேசாதே என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் கறுப்புக் கம்பளியாகத் தொங்கியது அதுதான்.

இதைச் சோதித்தவர்கள் மில்வாக்கி நகரத்து டாக்டர்கள். 11 முதல் 22 வயது வரை உள்ள 88 பேர். பாதிப் பேரை ஐந்து நாள் வீட்டிலேயே கண்டிப்பான ஓய்வில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வழக்கப்படி ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம், நடமாட்டம். கண்டிப்பாக ஓய்ந்திருந்தவர்கள்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் நீங்கத் தாமதமாயிற்று. இந்த முடிவு வெளியானது 2015-ல். நான் ஆணி அடித்தது 2016-ல்.

அதோடு விட்டதா? கனடாவில் ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 5 வயது முதல் 18 வயது வரையான 2,413 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஏழு நாளுக்குள் ஏதாவது நடமாட்டத்தில் ஈடுபட்டவர்களில் நூற்றுக்கு 24.6 பேருக்குத்தான் 28 நாளுக்குப் பிறகும் தொந்தரவு இருந்தது. ஓய்ந்தே கிடந்தவர்களில் 43.5 பேருக்கு. உடம்பு தேறியவன் எழுந்து நடந்திருப்பான், நடந்ததனால் தேறினான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம், சரியான கேள்வி. ஒரே அளவு தொந்தரவு இருந்த பிள்ளைகளை ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை. இந்தக் கட்டுரை வந்தது அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில், 2016 டிசம்பர் 20 தேதியிட்ட இதழில். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை இருட்டறையில் இரண்டாவது வாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

நான் மிகவும் ரசித்தது பஃபலோ நகரத்து லெட்டி, வில்லர் இருவருடைய வேலையை. இருதய நோயாளிகளைச் சோதிக்கும் ட்ரெட்மில்லை, அந்த ஓடும் பட்டையை, கொண்டுவந்து அடிபட்ட தலையைச் சோதித்தார்கள். பட்டையின் சாய்வை நிமிஷத்துக்கு நிமிஷம் கொஞ்சம் உயர்த்துவார்கள். எந்த நாடித் துடிப்பில் தலைவலி கூடுகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். அதிலே நூற்றுக்கு எண்பது பங்கு துடிப்பில், தினம் இருபது நிமிஷம் உடற்பயிற்சி. வலியின் வாசல் வரை போகலாம், படி தாண்டக் கூடாது. 2019-ல் வெளியிட்ட சோதனையில் 103 இளவயதினர். இப்படிப் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் 13 நாளுக்குள் தேறினார்கள். வெறுமே கைகாலை நீட்டி மடக்கியவர்களுக்கு அதே நிலைக்கு வர 17 நாள் ஆயிற்று. நாலே நாள் வித்தியாசம்தானா என்று கேட்பவர்கள் பதினான்கு வயதுப் பையனோடு ஒரு வீட்டில் நாலு நாள் இருந்து பார்க்கட்டும்.

2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வைத்தியர்கள், 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு. அப்போதும் வீட்டு வேலை, சிறு நடை உண்டு. திரை பார்ப்பதை அந்த இரண்டு நாள் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்ல நடை, சைக்கிள். தொந்தரவு கொஞ்சம் கூடிச் சிறிது நேரத்தில் அடங்கினால் பயமில்லை. எலிகளும் ஒரு விதத்தில் பொய் சொல்லவில்லை: முதல் நாளே ஓடச் சொல்கிறவர் யாருமில்லை. இரண்டாவது அடி பட இடமுள்ள ஆட்டத்துக்கு டாக்டர் அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது என்பதில் தளர்ச்சியும் இல்லை. வாந்தி ஓயாமல் வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், எழுப்ப எழுப்ப விழிக்காமல் தூங்கினாலும், வலிப்பு வந்தாலும், நடையும் வேண்டாம் படுக்கையும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 17-ந் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. வெளியே போய் முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்து ஆடி, 92 ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலை தலை பாரமாக இருக்கிறதென்றார், ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்த புது விதிப்படி லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கினார். டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர். ஸ்மித் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில், செப்டம்பர் முதல் வாரத்தில், 211 அடித்தார். முதல் நாள் உடனே திரும்பி ஆடவிட்டது சரியா என்று அன்று எழுந்த விவாதத்தில் நான் விடக் கூடாது என்கிற கட்சி.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் என் தங்கை மகனிடம் படித்துக் காட்டினேன். இப்போது வேலைக்குப் போகிறான். எகிப்தையும் பிலடெல்பியாவையும் பொறுமையாகக் கேட்டான். மில்வாக்கி வந்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவன் கவனித்தானோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. முடித்துக் காகிதத்தை மடித்ததும், "எல்லாம் சரி மாமா. அந்த டிசம்பர்லேதான் சேப்பாக்கத்திலே கருண் நாயர் முந்நூத்திமூணு அடிச்சான். 19-ந் தேதி. நம்ம வீட்டிலேருந்து கூப்பிடு தூரம். ஸ்கோராவது வந்து சொல்லியிருக்கலாம் நீங்க" என்றான்.

"உனக்குத் தலை வலிக்குமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்கோர் கேட்டா தலை வலிக்குமா மாமா?" என்றான்.